மனசுக்கும் ஒரு ஃபோர்மேன் வேணும்

போன் வந்தபோது இரவு பத்தரை மணி.

"அண்ணாச்சி, தூங்கிட்டீங்களா?"

சிவகாசியிலிருந்து பேசினார். வயதில் என்னைவிட நாலைந்து வருஷம் மூத்தவர்தான். ஆனாலும் அண்ணாச்சி என்பார். எங்கள் பக்கத்தில் அது உறவுமுறை அல்ல, மரியாதை. ஒரு பட்டாசு ஆபீஸில் ஃபோர்மேனாக இருக்கிறார். வெளியூர்க்காரர்கள் கவனிக்க: விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசுத் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ். வெறுங்காலோடு உட்கார்ந்து மருந்து அடைக்கிற இடத்துக்கு ஆபீஸ் என்று பெயர் வைத்த ஊர் அது.

விஷயம் இதுதான். அவர் மகள் பிளஸ் டூவில் 600-க்கு 548 வாங்கியிருக்கிறாள். பி.காம். எடுக்கலாம், பி.சி.ஏ. எடுக்கலாம், இன்ஜினீயரிங்கூடப் போகலாம். அந்தப் பெண் எதையும் எடுக்க மாட்டேன் என்கிறாள். வெளியூரில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் சைக்காலஜியும் சோஷியாலஜியும் சேர்த்துப் படிக்க வேண்டுமாம். விண்ணப்பம் போட்டு, நேர்முகமும் முடித்து, இடமும் வாங்கிவிட்டாள்.

"நீங்க பத்திரிகைக்காரர். நீங்க சொன்னா கேப்பா. கொஞ்சம் புத்தி சொல்லுங்க."

அவருக்கு மூன்று பயங்கள். ஒன்று, அது பைத்தியம் பிடித்தவர்களுக்கான படிப்பு. நாளைக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தால் என்ன சொல்வது? இரண்டு, கிறிஸ்தவப் பல்கலைக்கழகம்; மதம் மாற்றிவிடுவார்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். மூன்று, படித்து முடித்தால் வேலை என்ன?

இந்த மூன்று கேள்விகளும் அவர் ஒருவருடையவை அல்ல. ஜூன் மாதம் வந்தால் உங்கள் வீட்டிலும், உங்கள் மச்சினர் வீட்டிலும் கேட்கிற கேள்விகள்தான். அதனால் அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். புத்தி சொல்ல வேண்டியது அந்தப் பெண்ணுக்கு அல்ல என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

*

முதலில் பைத்தியம்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று கேட்கலாம். நான் பி.காம். விருதுநகர்க்காரன் பி.காம். படிப்பது மீன் நீச்சல் கற்றுக்கொள்வது மாதிரி. வத்தல் என்ன விலை, உளுந்து என்ன விலை என்பதை எழுத்துக்கூட்டிப் படிக்கும் முன்பே காதில் வாங்கி வளர்ந்தவர்கள் நாங்கள். பற்று, வரவு, இருப்பு. இந்த மூன்றில் அடங்காத எதையும் எங்கள் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். நானும் நம்பாமல்தான் இருந்தேன்.

2001 ஆகஸ்ட் 6-ம் தேதியை நினைவிருக்கிறதா? எங்கள் பக்கத்து மாவட்டமான ராமநாதபுரத்தில், ஏர்வாடியில், மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தது. 28 பேர் கருகிச் செத்தார்கள். தீ வேகமாகப் பரவியது என்பது மட்டும் காரணமல்ல. அவர்களைச் சங்கிலியில் கட்டிப் போட்டிருந்தார்கள். கட்டியவர்கள் அரக்கர்கள் அல்ல. அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் அப்பாவும் அம்மாவும் அண்ணன் தம்பியும்தான். மனசுக்கு வரும் நோய்க்கு வேறு வழி உண்டு என்று அவர்களுக்குச் சொல்ல அவர்கள் ஊரில் ஆள் இல்லை.

சைக்காலஜி என்றால் பைத்தியம் என்று நாம் சிரிக்கிற சிரிப்பின் மறுமுனை அந்தச் சங்கிலி.

இந்தப் படிப்பு நேற்று முளைத்ததுமல்ல. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை 1916-ல் வந்துவிட்டது. பம்பாயில் சமூகவியல் துறை 1919-ல். சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை 1943-ல், நாடு விடுதலை அடையும் முன்பே. கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு கழித்தும் "அந்தப் படிப்பா?" என்று மூக்கைச் சுளிக்கிறோம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2022-ல் தமிழ்நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 19,834 பேர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட எண் இது. மகாராஷ்டிராவுக்கு அடுத்து நாம்தான் இரண்டாவது. ஒரு நாளைக்கு 54 பேர். ஒவ்வொரு நாளும் ஒரு பஸ் நிறைய ஆட்கள். இந்த மாநிலத்தில் உளவியல் படிக்க ஒரு பெண் ஆசைப்பட்டால், மாலை போட்டு அழைத்துப் போக வேண்டாமா? புத்தி சொல்லக் கூப்பிடுகிறோம்.

*

இரண்டாவது, மதம்.

ஃபோர்மேன் சாரிடம் நான் ஒரே ஒரு பெயரைச் சொன்னேன். ராதாகிருஷ்ணன். ஆசிரியர் தினத்துக்கு நாம் படத்தை மாட்டி வைக்கிறோமே, அதே ராதாகிருஷ்ணன். அவர் தத்துவம் படித்தது சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில். இந்து மதத்தைப் பாதிரிமார்கள் விமர்சிப்பதைக் கேட்டுக் கேட்டு, அப்படி என்னதான் நம்மிடம் இருக்கிறது என்று தேடப் போனார். எம்.ஏ. பட்டத்துக்கு வேதாந்தத்தின் அறநெறி பற்றிய ஆய்வேடு எழுதினார். அதைப் பாராட்டியவர் ஏ.ஜி. ஹாக் என்ற கிறிஸ்தவப் பேராசிரியர். கிறிஸ்தவக் கல்லூரிக்குள் போனவர் உலகத்துக்கே இந்து தத்துவம் சொல்பவராக வெளியே வந்தார். யார் யாரை மாற்றினார்கள்?

பதினேழு வயதுப் பெண்ணின் நம்பிக்கை ஒரு பிரேயர் மணிக்கு ஆடிப் போகும் என்றால், அவளுக்கு அந்த நம்பிக்கையை நாம் ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்று அர்த்தம். அதற்குப் பல்கலைக்கழகத்தைத் திட்டிப் பயனில்லை.

தமிழ்நாட்டில் பெண்களுக்கு இந்தப் பாடங்களைச் சொல்லித் தந்தவர்களில் முன்வரிசையில் நின்றவை கிறிஸ்தவக் கல்லூரிகள்தான். 1915-ல் தொடங்கிய சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் உளவியல் இருக்கிறது. 1947-ல் தொடங்கிய ஸ்டெல்லா மாரிஸில் சமூகவியல் இருக்கிறது. பெங்களூருவில் 1969-ல் கல்லூரியாகத் தொடங்கி 2008-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கிறைஸ்டில் இரண்டையும் சேர்த்தே படிக்கலாம். அங்கெல்லாம் படிப்பவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்களா என்ன?

அந்தப் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "மனசு சரியில்லையா? விசுவாசம் குறைவு. ஜெபம் பண்ணு, சரியாகிவிடும்" என்று சொல்லும் ஊழியக்காரர்களை எனக்குத் தெரியும். "தோஷம். பரிகாரம் பண்ணு" என்று சொல்லும் ஜோசியர்களையும் தெரியும். இரண்டு பேரும் வேறு வேறு கடை, ஒரே சரக்கு. ஜெபம் செய்யுங்கள், விரதம் இருங்கள், யாரும் தடுக்கவில்லை. கால் ஒடிந்தால் ஜெபமும் செய்கிறோம், மாவுக்கட்டும் போடுகிறோம் இல்லையா? ஜெபக்கூடம் வைத்திருக்கும் ஒரு பல்கலைக்கழகமே அடுத்த கட்டடத்தில் உளவியல் துறையும் வைத்திருக்கிறது என்றால், அந்த ஊழியக்காரருக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

*

மூன்றாவது கேள்விக்கு வருவதற்கு முன் ஓர் இடைச்செருகல்.

அந்தப் பெண்ணிடம் பேசினேன். "ஏம்மா இந்தப் படிப்பு?" என்றேன். ஏதாவது சினிமா பார்த்து ஆசைப்பட்டிருப்பாள் என்று நினைத்தேன்.

"எங்க சித்தப்பா வெடி விபத்துல போனாரு மாமா. எட்டு வருஷமாச்சு. அவர் பையனுக்கு அப்ப நாலு வயசு. இப்பவும் தீபாவளி வந்தா மூணு நாளும் கட்டிலுக்கு அடியிலதான் படுப்பான். நாங்க கேலி பண்ணுவோம், 'சிவகாசிக்காரன் வெடிக்குப் பயப்படறான் பாரு'ன்னு. எங்கப்பா ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு வாசல்ல உக்காந்திருப்பாரு. தினமும். அவரு சொல்லித்தான் சித்தப்பா அந்த ஆபீஸ்ல சேந்தாரு. இதைப் பத்தி எங்க வீட்ல யாரும் பேசுனதே இல்ல மாமா. நஷ்டஈடு வந்துச்சு. அதோட முடிஞ்சு போச்சுன்னு எல்லாரும் நெனச்சிட்டாங்க."

நான் கணக்குப் படித்தவன். ஒரு தொகை கொடுத்தால் கணக்கு நேராகிவிடும் என்று மூன்று வருஷம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண் சொன்னதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

*

இப்போது சிவகாசிக்கு வாருங்கள்.

பட்டாசு ஆபீஸுக்குள் போனவர்களுக்குத் தெரியும், எத்தனை விதிகள் என்று. ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது. தப்பி வெளியேற வாசல் இருக்க வேண்டும். அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி. செருப்பு கூடாது. தரையில் ரப்பர் விரிப்பு. பருத்தி உடை. பக்கத்தில் தண்ணீர். எந்த மருந்தை எதோடு கலக்கலாம், எதோடு கூடாது என்று அட்டவணை. இதையெல்லாம் பார்த்துக்கொள்ளத் தகுதிச் சான்று பெற்ற ஃபோர்மேன். ஆனைக்குட்டத்தில் மத்திய அரசின் பட்டாசு ஆராய்ச்சி மையம்கூட இருக்கிறது, இரசாயனத்தைப் பரிசோதிக்க.

விதியை மீறுவதால்தான் விபத்து என்பது தனிக்கதை. சட்டவிரோத உள்குத்தகையையும், நாலு பேர் அறையில் பத்துப் பேரை உட்கார வைப்பதையும் எழுதி எழுதிப் பேனா தேய்ந்துவிட்டது. இன்று என் கேள்வி வேறு. மருந்துக்கு இத்தனை விதி எழுதிய நாம், அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் நாலு மனுஷருக்காக ஒரு வரியாவது எழுதினோமா? பக்கத்து ஷெட்டில் நேற்று நாலு பேர் செத்ததைப் பார்த்தவர் இன்று காலை எட்டு மணிக்கு வந்து அதே மருந்தில் கை வைக்கிறார். கை நடுங்குகிறதா என்று கேட்க ஒரு ஆள் உண்டா? நடுங்கினால் அது அவர் பிரச்னை மட்டுமா, அந்த அறையில் இருக்கும் மற்ற மூன்று பேரின் பிரச்னையும்தானே?

2012 செப்டம்பர் 5. முதலிப்பட்டி. 35-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்ல. முதல் வெடிச் சத்தம் கேட்டதும் சுற்றுவட்டாரத்திலிருந்து ஓடி வந்தவர்கள். அடுத்து வெடித்ததில் சிக்கிக்கொண்டார்கள். மறுநாள் "வேடிக்கை பார்க்கப் போய் மாட்டிக்கொண்டார்கள்" என்று சர்வசாதாரணமாகப் பேசினோம். வேடிக்கையா? ஒரு வட்டாரமே ஒரே தொழிலில் இருக்கிறது. எங்கே புகை கிளம்பினாலும் அங்கே தங்கச்சியோ மாமனோ பக்கத்து வீட்டுக்காரரோ இருப்பார். சத்தம் வந்த திசையை விட்டு ஓட வேண்டும் என்று அறிவு சொல்கிறது. சத்தம் வந்த திசைக்கே ஓடு என்று உறவு சொல்கிறது. ஏன் ஓடினார்கள் என்று ஒரு சமூகவியல் மாணவன் உட்கார்ந்து யோசித்திருந்தால், "ஓடாதே" என்று சொல்வது போதாது, உள்ளே இருப்பவர்களின் பெயரையும் நிலையையும் பத்து நிமிஷத்தில் வெளியே அறிவிக்க ஒரு வழி வேண்டும் என்று சொல்லியிருப்பான். அது ஒரு பாதுகாப்பு விதியாகியிருக்கும். மருந்தைப் பற்றிய விதி அல்ல. மனுஷரைப் பற்றிய விதி.

இதெல்லாம் பணக்கார நாட்டுச் சொகுசு என்று சொல்வீர்கள். சரி, பணக்கார நாட்டுக்கே போவோம். அங்கேயும் ஏழைகள்தான் செத்தார்கள்.

1966-ல் வேல்ஸ் நாட்டில் அபர்ஃபான் என்ற சுரங்க ஊர். நிலக்கரிக் கழிவு மலை சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 116 குழந்தைகள், 28 பெரியவர்கள் இறந்தார்கள். அன்று உயிர் பிழைத்த குழந்தைகளை 33 வருஷம் கழித்து மருத்துவர்கள் சந்தித்தார்கள். அவர்கள் பரிசோதித்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அந்த அதிர்ச்சியால் வரும் மனநோய் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் வந்திருந்தது. நூற்றுக்கு 29 பேருக்கு இன்னும் இருந்தது. நாற்பது வயதை ஒட்டிய மனுஷர்கள். கட்டிலுக்கு அடியில் படுக்கும் அந்தச் சிறுவனை நினைத்துக்கொள்ளுங்கள்.

1972-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பஃபலோ க்ரீக். நிலக்கரிக் கம்பெனி கட்டிய கழிவுநீர் அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். கம்பெனி அதைக் கடவுளின் செயல் என்றது. பிழைத்தவர்களில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். கை கால் போனதற்கு மட்டுமல்ல, மனசு உடைந்ததற்கும் நஷ்டஈடு கேட்டார்கள். அவர்களுக்காக மனநல மருத்துவர்கள் வந்தார்கள். கை எரிக்சன் என்ற சமூகவியல் பேராசிரியர் வந்தார். ஒவ்வொருவருக்கும் ஏற்பட்ட காயம் வேறு, ஊர் என்ற கட்டு அறுந்துபோனதால் எல்லாருக்கும் சேர்ந்து ஏற்பட்ட காயம் வேறு என்று எடுத்துச் சொன்னார். முதலாவது உளவியல், இரண்டாவது சமூகவியல். 1974-ல் கம்பெனி 1 கோடியே 35 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

கவனியுங்கள். அந்தப் பெண் சேர்த்துப் படிக்க ஆசைப்படும் அதே இரண்டு பாடங்கள்தான், ஒரு நிலக்கரிக் கம்பெனியின் பணப்பெட்டியைத் திறக்க வைத்தன.

*

அமெரிக்காவை விடுங்கள். நம் சிவகாசியிலேயே நடந்திருக்கிறது.

தீப்பெட்டி ஆபீஸ் பஸ்களில் விடிவதற்கு முன்பே தூங்கி வழியும் குழந்தைகளை ஏற்றிப் போன காலம் ஒன்று உண்டு. 1983-ல் ஸ்மிது கோத்தாரி என்பவர் ஓர் ஆங்கில ஆய்விதழில் அதை விரிவாக எழுதினார். 1986-ல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா உச்ச நீதிமன்றம் போனார். 1990-ல் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் வந்தது. ஒரு பட்டாசு விபத்தில் 39 பேர் இறந்ததாக வந்த செய்தியைப் பார்த்து நீதிமன்றம் தானாகவே விசாரணையைக் கையில் எடுத்தது. 1996 டிசம்பரில் தீர்ப்பு. குழந்தையை ஆபத்தான வேலைக்கு வைத்த முதலாளி, ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அன்றைய நிலைமை இன்று இல்லை. காரணம், யாரோ சிலர் ஊருக்குள் வந்து, உட்கார்ந்து, கேட்டு, எண்ணி, எழுதினார்கள். அதற்குப் பெயர் சமூக ஆய்வு. அந்த வேலையைத்தான் "இதுக்கு என்ன வேலை கிடைக்கும்?" என்கிறோம்.

சரி, வேலை. மழுப்பாமல் சொல்கிறேன். வெறும் பி.ஏ. சைக்காலஜி மட்டும் படித்துவிட்டு வாசலில் கவுன்சலர் என்று போர்டு மாட்டக் கூடாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த உயர்படிப்பும் பயிற்சியும் முடித்துப் பதிவு செய்தவர்தான் மருத்துவ உளவியலாளர். மூன்று வருஷத்தில் முடிகிற பாதை இல்லை. இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஆனால், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நீதிமன்றம், சிறை, தொழிற்சாலை, அரசின் மாவட்ட மனநலத் திட்டம் என்று ஆள் தேவைப்படாத இடம் எது? ஒரு பி.காம். பட்டதாரிக்கு இருக்கும் போட்டியைவிட அங்கே போட்டி குறைவு. சொல்வது பி.காம். பட்டதாரி.

*

இதுவரை அப்பாக்களைத் திட்டினேன். இனி பல்கலைக்கழகங்கள்.

அந்தப் பெண் அங்கே போய் என்ன படிக்கப் போகிறாள்? பெரும்பாலும் அமெரிக்கப் புத்தகம். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் செய்த பரிசோதனை. உளவியல் ஆய்வுகளில் பங்கெடுத்தவர்களில் நூற்றுக்கு 96 பேர் மேலை நாட்டவர்கள், உலக மக்கள்தொகையிலோ அந்த நாடுகளின் பங்கு நூற்றுக்கு 12தான் என்று 2010-ல் அந்தத் துறைக்காரர்களே ஒப்புக்கொண்டார்கள். அட்வான்ஸ் வாங்கிய கடனுக்காக, பயந்துகொண்டே வேலைக்கு வரும் ஒரு மத்திச்சேனை பெண்ணின் மனசு அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

விருதுநகரையும் சிவகாசியையும் பற்றி ஆழமாக எழுதியவர் யார் தெரியுமா? ராபர்ட் ஹார்ட்கிரேவ். அமெரிக்கர். 1899 சிவகாசிக் கலவரத்தையும் மகமை வசூலித்து ஊர் வளர்ந்த கதையையும் அவர் புத்தகமாகப் போட்டது 1969-ல். அவருக்குப் பின் வந்த டென்னிஸ் டெம்பிள்மேனும் அமெரிக்கர். நம் ஊரைப் படிக்க அவர்கள் கப்பலேறி வருகிறார்கள். நம் பிள்ளைகள் அவர்கள் ஊரைப் படிக்க இங்கே பீஸ் கட்டுகிறார்கள்.

1930-களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் மரியெந்தால் என்ற ஊரின் ஒரே ஆலை மூடப்பட்டது. உளவியலும் சமூகவியலும் தெரிந்த சில இளைஞர்கள் அங்கே போனார்கள். தெருவில் ஆண்கள் எத்தனை வேகத்தில் நடக்கிறார்கள் என்றுகூட அளந்தார்கள். வேலை போனவனின் நடையே தளர்ந்துவிடுகிறது. நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துவிடுகிறது. வேலையின்மை மனசை என்ன செய்கிறது என்று இன்றும் உலகம் அந்தப் புத்தகத்தைப் படிக்கிறது. 2018 அக்டோபரில் பேரியம் நைட்ரேட் தடையும் நேரக் கட்டுப்பாடும் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தன. அதை எதிர்த்துச் சிவகாசி ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. லட்சக்கணக்கானவர்கள் வேலையில்லாமல் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய நடையை அளக்க எத்தனை பேராசிரியர்கள் பஸ் ஏறி வந்தார்கள்?

கிறிஸ்தவம் என்று பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் நிறுவனங்களுக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. உங்களில் பலர் இன்று வாங்கும் கட்டணத்தை ஒரு ஃபோர்மேனால் கட்ட முடியுமா? திரி சொருகும் பெண்ணால்? உங்களுடைய பழைய மிஷனரிகள் ராக்லண்ட் மாதிரி கேம்பிரிட்ஜில் கணக்குப் படித்துவிட்டு, சிவகாசி வெயிலில் வந்து, 1858-ல் இங்கேயே செத்துப் போனவர்கள். அவர்கள் பெயரைச் சொல்லிக் கட்டடம் கட்டிவிட்டு, அந்தக் கட்டடத்துக்குள் சிவகாசிக்காரி நுழைய முடியாத விலை வைத்தால், அதற்கு என்ன பெயர்?

எங்கள் ஊர் முதலாளிகளும் தப்ப முடியாது. பிடி அரிசி வசூலித்துப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர் விருதுநகர். 1889-ல் தொடங்கிய க்ஷத்ரிய வித்யாசாலாவில்தான் காமராஜர் படித்தார். பட்டாசுப் பணத்தில் கலைக் கல்லூரி வந்தது, பெண்கள் கல்லூரி வந்தது, இன்ஜினீயரிங் கல்லூரி வந்தது. வணங்குகிறேன். இன்னொரு பிடி அரிசி போடுங்கள். விபத்தில் அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளை உளவியலோ சமூகவியலோ படிக்க ஆசைப்பட்டால், முழுச் செலவையும் உங்கள் சங்கம் ஏற்கட்டும். திரும்பி வந்து இங்கே வேலை செய்ய இடமும் கொடுங்கள்.

அரசுக்கு ஒன்று. 2004 சுனாமிக்குப் பிறகு நிம்ஹான்ஸ் ஆட்கள் வந்து உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து மீனவக் குடும்பங்களோடு உட்கார வைத்தார்கள். எப்படிச் செய்வது என்று நமக்குத் தெரியும். 2022-ல் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. 14416 என்று மனநல உதவி எண்ணும் வந்துவிட்டது. ஒவ்வொரு வெடி விபத்துக்குப் பிறகும் கலெக்டர் நஷ்டஈட்டுக் காசோலையோடு போகும்போது, பின்னால் ஒரு மனநல ஊழியரும் போகட்டும். காசோலை ஒரு நாளில் மாறிவிடும். அந்த ஊழியர் ஒரு வருஷமாவது மாதாமாதம் அந்த வீட்டுக்குப் போக வேண்டும்.

*

ஃபோர்மேன் சாரிடம் இவ்வளவும் பேசவில்லை. பாதிதான் சொன்னேன். மூன்று மணிக்கு எழுந்து வாசலில் உட்காருவதைப் பற்றி நான் கேட்கவில்லை. மகள் சொன்னது அது, என் வாயிலிருந்து வரக் கூடாது.

அவராகவே கடைசியில் கேட்டார். "அண்ணாச்சி, ஒரு விஷயத்தை நெனச்சு நெனச்சு ஒருத்தருக்குத் தூக்கமே வரலைன்னா, அதுக்கெல்லாமா படிப்பு இருக்கு?"

"இருக்கு" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"பீஸ் கட்டக் கடைசித் தேதி திங்கக்கிழமையாம்" என்றார். "சீட்டுப் பணம் ஒண்ணு இருக்கு. மீதிக்கு எதையாச்சும் அடகு வைக்கணும். பாப்போம்."

உங்கள் வீட்டிலும் இந்த வருஷம் ஒரு பிள்ளை இப்படி ஏதாவது ஒரு படிப்பின் பெயரைச் சொல்லலாம். "அதுக்கு என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்பதற்கு முன்னால், "ஏம்மா அதைப் படிக்கணும்னு தோணுது?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பதில் உங்களைப் பற்றியதாக இருக்கலாம்.